கூடாத கூடை

கேள்வி: நோபல் பரிசுகளைக் கூடை கூடையாக வாரிய கால்டெக் சர்வகலாசாலைக்குக் கூடைப்பந்தில் மட்டும் புத்தி மழுங்கிவிட்டதா?

பதில்: பந்து எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் சென்றால் கூடையில் விழும் என்று கணித்துச் சொல்லும் வித்வான்கள் நிறைந்த ஸ்தாபனத்தில் வாசித்துக்கொண்டு, அதை விழவைக்கும் லௌகிக காரியத்தை மட்டும் எதிரணியிடம் ஒப்படைத்துவிட்டு, 1985-க்குப் பின் தங்கள் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்களைத் தோற்றபோதும் மறுநாள் மைதானத்துக்கு வந்து நின்ற அந்தப் பிள்ளைகளின் வைராக்கியத்தை மெச்சாமல் இருக்க என்னால் இயலவில்லை. ஆடுவதற்கென்று எவருக்கும் உபகாரச் சம்பளம் தராத கல்லூரி அது. 2011 பிப்ரவரியில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று வென்றார்கள். ஜயிக்க ஒரு புள்ளி அதிகமிருந்தால் போதும் என்று நிரூபிக்க, கணித மேதைகளுக்கு 26 வருஷம்!