மரண அறிவித்தலும் கெட்டிமேளமும்

வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே மூன்று வினாடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய மற்றது எழுவது) வைத்தால் நெய்யில் வழுக்கியதுபோல் போகும். அதையே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனேன். ஒலிபரப்பு மென்பொருளுக்குப் பாட்டென்ன, பேச்சென்ன? மரண அறிவித்தலில் "தகனத்துக்காக..." என்று மயானத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில், நகைக்கடை விளம்பரத்தின் கெட்டிமேளம் புகுந்துவிட்டது. பாட்டின் வால் தானாகத் தேயும். பேச்சோ கடைசி எழுத்துவரை முழுச் சத்தத்தில் நிற்கும். அந்தக் காலத்து அறிவிப்பாளர் ஃபேடரைக் கையால் இறக்கினார், கூடவே காதும் இருந்தது.

துக்க வீட்டிலிருந்து தொலைபேசி: "தம்பி, சவத்துக்குத் தாலி கட்டுறியளோ?"

இப்போது பேச்சுக்குப் பூச்சியம், பாட்டுக்கு மூன்று. மணிச் செய்திக்கு முன்னால் மட்டும் அரை வினாடி இன்னும் இடிக்கிறது, நேயர்கள் பொறுத்தருள்க.