பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய ராலே

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். கொல்லையில் நின்றிருந்த தாத்தாவின் சைக்கிளிலிருந்து 'லூகாஸ்' என்று பொறித்திருந்த பெல்லைக் கழற்றிப் போட்டு, ஒரு பொட்டலம் பழம் வாங்கித் தின்றேன். பாதி கொட்டை, மீதி மணல். இப்போது அதே மாதிரி பெல்லைத் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். அவர்கள் சொல்லும் விலைக்குப் பேரீச்ச மரத்தையே வாங்கி வந்து வாசலில் நட்டுவிடலாம்.

பழைய சைக்கிள் சல்லிசாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். உண்மையிலேயே சல்லிசாகத்தான் கிடைக்கிறது. நீங்கள் அதைப் பார்க்காத வரைக்கும். நம் ஊரில் பழைய சைக்கிளுக்கு இரண்டே விலைதான். நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் அது காயலான் கடைச் சரக்கு. பார்த்த பிறகு பரம்பரைச் சொத்து.

திருச்சிக்காரனுக்கு வேட்டைக்காடு பொன்மலை. 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை இங்கே வந்ததிலிருந்து, சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளம் புரண்ட இடம். அத்தனை சைக்கிளும் ஆவியாகியா போயிருக்கும்? எங்காவது ஒரு கொல்லையில், மாட்டுக்கொட்டகையில், படிக்கட்டுக்கு அடியில் நிற்கத்தானே வேண்டும்? அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்மலைப்பட்டியில் ஒரு வீட்டுச் சுவரோரம் ஈரப் பாவாடைகளுக்கு நடுவே ஒரு ஹேண்டில்பார் தெரிந்தது. துணி காயப்போடும் கொடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது வண்டி.

வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். தண்ணீர் கேட்பது போலத் தண்ணீர் கேட்டேன். பிறகு, யாருக்கோ கேட்பது போல, "இந்தப் பழைய சைக்கிள் சும்மாதானே நிக்குது?" என்றேன்.

"இரும்புக்காரன் முந்நூறுக்குக் கேட்டான் தம்பி. குடுத்துடலாம்னு இருக்கேன்."

அந்த இடத்திலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது? ராலே சைக்கிளின் பல்சக்கரத்தில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. நிமிர்ந்தபோது விலை ஆயிரத்து ஐந்நூறு. "எங்க வீட்டுக்காரர் உசுரு மாதிரி வச்சிருந்த வண்டி தம்பி" என்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். பின் சக்கரத்தின் ஹப் வழக்கத்தைவிடப் பருமனாக இருந்ததால் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். ஸ்டர்மி ஆர்ச்சர். மூன்று கியர். பக்கத்தில் 54, அதையடுத்து 7. அந்தக் கம்பெனிக்காரர்கள் ஹப்பிலேயே வருடமும் மாதமும் அடித்துவிடுவார்கள். அதாவது 1954 ஜூலை. எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா அதையும் கவனித்துவிட்டார். இரண்டாயிரத்து ஐந்நூறு. கைக்குட்டைக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்.

பணத்தை எண்ணிக்கொண்டே வண்டியின் கதையைச் சொன்னார். பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவர் கணவர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவரிடம் வாங்கினாராம். "வாங்குறப்ப ஹேண்டில்ல ஏதோ துப்பாக்கிக் குதிரை மாதிரி ஒண்ணு, அதுலேர்ந்து ஒரு கம்பி தொங்கிச்சு. கழட்டித் தூக்கிப் போட்டாரு. வண்டியில தேவையில்லாத சாமான் ஒண்ணு இருக்கக் கூடாது அவருக்கு!"

வீட்டுக்கு உருட்டி வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னங்க, இதைக் குடுத்தாங்களா, இல்ல எடுத்துட்டுப் போகச் சொல்லிக் காசு குடுத்தாங்களா?" எனக்குப் பொய் சொல்ல வராது, ஆகவே எழுநூறு ரூபாய் என்று மட்டும் சொன்னேன்.

ராலே கம்பெனி பிறந்ததே ஒரு மருத்துவ ஆலோசனையால்தான். ஹாங்காங்கில் பணம் சேர்த்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய ஃபிராங்க் பௌடன் என்ற கனவானைச் சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். உடம்பு தேறியது. அந்தச் சைக்கிளைச் செய்த நாட்டிங்ஹாம் பட்டறையைத் தேடிப் போய்ப் பட்டறையையே வாங்கிவிட்டார். 1888இல் கம்பெனி ஆயிற்று. பட்டறை இருந்த ராலே தெருவின் பெயரே வண்டியின் பெயர். என் டாக்டரும் தினம் அரை மணி நேரம் நடக்கத்தான் சொன்னார். பௌடனுடன் ஒப்பிட்டால் நான் சிக்கனக்காரன் என்று மனைவியிடம் வாதாடினேன். அவள் பௌடனின் மனைவிக்காக வருத்தப்பட்டாள்.

பாலக்கரையில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஓவராயில் பண்ணணும் சார்" என்றார். 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல்லை நம் மெக்கானிக்குகள் எப்போது ஓவராயிலாக மாற்றினார்களோ, அவர்களுக்குக் கோயில் கட்டலாம். நடப்பதை அப்படியே சொல்கிறது அந்த வார்த்தை. எங்கும் ஆயில், எதிலும் ஆயில், மூன்றாம் நாள் என் தலையணை உறையிலும் ஆயில்.

முதல் சண்டை பெயிண்ட்டில் வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பச்சை எனாமல் அடித்துவிடலாம் என்றார் பாய். நான் அலறினேன். அழுக்குக்கு அடியில் பொன்னிறக் கோடு இருக்கிறது, துரு இருந்தால் இருக்கட்டும், பழமை போகக் கூடாது என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "துருவையா வச்சுக்கச் சொல்றீங்க? துருவுக்கா காசு குடுத்தீங்க?" பதில் இல்லை. என் பொழுதுபோக்கை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

அடுத்தது காட்டர் பின். பெடல் கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் ஆப்பு அது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், பிடிவாதத்தில் சம்பந்தி. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் குளித்தும் அசையவில்லை. நான் சுத்தியலால் அடித்தேன். பின்னின் தலை காளான் மாதிரி விரிந்ததுதான் மிச்சம். பாய் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். ஒரே அடி. "ஆயிரம் அடி அடிச்சா பின்னு வளையும் சார், ஒரு அடி அடிச்சா பயந்துக்கும்."

சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை மட்டும் காசு கொடுத்தாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்னால் 32 ஸ்போக்ஸ், பின்னால் 40. வெள்ளைக்காரன் போட்ட கணக்கு; லூதியானாவில் இன்றைக்கும் அதே கணக்கில்தான் கருப்பு சைக்கிள் செய்கிறார்கள். பாய் சக்கரத்தைச் சுழலவிட்டு, வீணையைத் தொடுவது போல ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, கால் திருகு, அரைத் திருகு என்று போய்க்கொண்டே இருந்தார். நடுவில் போனில் மருமகனைத் திட்டினார். கை நிற்கவில்லை. சக்கரம் நேரானது, மருமகன் நிலைமை தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள். இங்கிலாந்தில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் 28 × 1½ டயருக்குத் தவம் கிடக்கிறார்கள். நமக்கு அது பால்காரர் சைக்கிள் டயர். நான் கேட்டதும் கடைப்பையன் தலையைக்கூடத் தூக்காமல் எடுத்துப் போட்டான். பிரேக் கட்டை, கம்பி, பால்ரஸ், எல்லாம் அப்படித்தான். மாறாக, தொலைந்துபோன கியர்க் குதிரை இந்த ஊரில் கிடைக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்திலிருந்து தபாலில் பழையது ஒன்றை வரவழைத்தேன். வண்டியைவிட விலை அதிகம். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது என்பதால் வீட்டுக்குள் கொண்டுவருவது சுலபமாக இருந்தது. புரூக்ஸ் தோல் சீட்டு மட்டும் வறண்டு அப்பளமாகியிருந்தது. மெல்ல மெல்ல எண்ணெய் காட்டினேன். "இதுல பாதியை உங்க தலைக்குக் காட்டியிருந்தா நாலு முடியாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் மனைவி.

ஹப்பைப் பிரித்தபோது பாயே சற்று எழுந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி நான்கு குட்டிச் சக்கரங்கள், சூரியனும் கிரகங்களும் போல. 'எழுபது வருஷமாச்சு, ஒரு பல்லுகூடத் தேயல' என்று தன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார். நேர் கியர் இரண்டாவது. முதல் கியரில் முக்கால் பங்கு, மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

கம்பியை மாட்டி ஜங்ஷன் மேம்பாலத்துக்கு ஓட்டிப் போனேன். இந்த ஹப்பில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எதுவுமே பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கம்பியின் இழுப்பு ஒரு நூல் தவறினால் அதில் போய் விழும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, விழுந்தது வேறு. பாலத்தின் உச்சியில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் காற்றில் சுற்றியது. நான் நேராகக் கீழே இறங்கினேன். வண்டிக்குப் பார் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குச் சந்தேகம் இருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "தண்ணி வேணுமா சார்?" என்று மட்டும் கேட்டார். விவரம் தெரிந்தவர்.

நடைபாதையில் உட்கார்ந்து மூச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. இந்த ஹப்பில் கம்பி தளர்ந்தாலோ, இல்லாமலே போனாலோ, வண்டி மூன்றாவது கியரில் போய் நின்றுவிடும். அப்படியென்றால் அந்த ஃபிட்டர்?

அடுத்த ஞாயிறு பொன்மலைப்பட்டிக்கே ஓட்டிக்கொண்டு போனேன். துடைத்த வண்டியைப் பார்த்து அம்மா முதலில் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. பொன்னிறக் கோட்டைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் கணவர் தூக்கிப் போட்டது கியர் மாற்றும் குதிரை. அது இல்லாததால் வாழ்நாள் முழுக்க, எதிர்காற்றிலும் மேட்டிலும், அரிசி மூட்டை வைத்தும், அவர் ஆகக் கனமான கியரிலேயே மிதித்திருக்கிறார்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. "ராலேன்னா கனமாத்தான் மிதிக்கும், அதுதான் ஒசத்தின்னு ஊர் பூரா சொல்லிட்டிருந்தாரே" என்றார். பிறகு, "அப்ப தெனம் ராத்திரி முழங்காலு வலிக்குதுன்னு நான் தைலம் தேய்ச்சு விட்டது இதனாலயா?" என்றார்.

"இருக்கலாம்மா."

"எத்தனை வருஷத்துத் தைலம்!" என்று வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். வண்டியை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "தைலத்துக்குன்னு ஒரு ஐந்நூறு சேத்துக் குடுத்துட்டுப் போ தம்பி."