பூம்பூம் மாட்டுக்கு ஒரு ஸ்வெட்டர்

வா அம்மிணி, இப்படி உட்காரு. ஒம்பது கலர்ல உல்லன் நூல் வாங்கிட்டு வந்திருக்கறயாமா? வீட்ல எல்லாருக்கும் ஸ்வெட்டர் பின்னப் போறயாமா? பின்னு, பின்னு. கோத்தகிரிக் குளிருக்கு நல்லதுதான். உன்ற அப்புச்சியும் முப்பது வருசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில குப்பை கொட்டினவன். பனியனும் பின்னல்தானே? அந்த உரிமையில நாலு யோசனை சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல, சாம்பிள் மட்டும் பின்னிப் பார்த்துராதே. அதெல்லாம் பயந்தாங்கொள்ளிக வேலை. எங்க மிசினுக்கு அங்குலத்துக்கு 24 ஊசி. அதுக்குக் கோபம் வராது, அழுகை வராது, சீரியல் பார்க்காது. அதுக்கே சாம்பிள் ஓட்டி, நனைச்சு, காயவெச்சு, அளந்து பார்த்துட்டுத்தான் மேல ஓட்டுவோம். உனக்கு எதுக்கு? மாமியார் மேல கோபம்னா இறுக்கியும், சீரியல்ல கல்யாணம்னா தளர்த்தியும் பின்னறவ நீ. புத்தகத்துல 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணின்னு போட்டிருக்கும். உன்ற கை 20 போடும். ரெண்டு கண்ணிதானே, போகட்டும்னு 200 கண்ணி ஏத்தினா, 91 சென்டிமீட்டர் வரவேண்டிய சுத்தளவு 100 ஆயிரும். மாப்பிள்ளைக்குன்னு ஆரம்பிச்சது உன்ற மாமனாருக்கு ஆகும். வயித்துக்காரரு, சந்தோசப்படுவாரு.

அடுத்தது கலரு. ஒம்பதையும் ஒரே வரிசையில இழு. போன்ல காட்டினியே, ஸ்காட்லாந்துக்கு வடக்கால ஃபேர் ஐல்னு துளியூண்டு தீவு, அந்தப் பொம்பளைக சரியான கஞ்சப் பிசினாறிக. கூடை நிறைய கலர் வெச்சுக்கிட்டு, ஒரு வரிசைக்கு ரெண்டுக்கு மேல எடுக்கறதில்ல. 1922-ல இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் அதைப் போட்டுட்டு கோல்ஃப் ஆடப் போனாரு; ஊரே அந்த ஸ்வெட்டர் பின்னால ஓடுச்சு. இங்க நம்ம தோடர் போர்வையப் பாரு. அது பின்னலில்ல, ஊசி வேலை. ஆனாலும் வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்பும், அதோட நிறுத்திக்கறாங்க. உனக்குத்தான் தாராள மனசாச்சே, ஒம்பதையும் போடு. மாப்பிள்ளை அதோட பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா, பூம்பூம் மாடுன்னு நினைச்சு கையில அஞ்சு ரூபா வெச்சு, தலைய ஆட்டச் சொல்லுவாங்க.

ஒரு கலர் முன்னால பின்னறப்ப இன்னொரு கலர் பின்பக்கமாத் தாவிப் போகுதல்ல? அஞ்சு கண்ணிக்கு மேல தாவுச்சுன்னா நடுவுல ஒரு முறுக்குப் போட்டுப் பிடிக்கோணும்பாங்க. உள்பக்கத்த யாரு பார்க்கறாங்க, விடு. உன்ற பொடியன் கை நுழைச்சா அஞ்சு விரலும் அதுல மாட்டும். பள்ளிக்கூட பஸ்ஸு போயிரும். அவன் ஒண்ணும் வருத்தப்படமாட்டான். இல்லாட்டி இறுக்கி இழுத்துரு. முன்னால போட்ட பூவெல்லாம் எண்ணெயில போட்ட அப்பளமாட்டச் சுருண்டுக்கும்.

நூல் பத்தலைன்னா பொறவு வாங்கிக்கலாம், லாட்டு நம்பரெல்லாம் பார்க்காதே. சாயப்பட்டறையில ஒரே சிவப்ப ரெண்டு தடவ போட்டா ரெண்டு சிவப்பு வரும். ஷேடு மாறிப் போச்சுன்னா எங்க பையரு மொத்தச் சரக்கையும் தலையில கட்டிட்டுப் போயிருவான். உனக்கு அந்தத் தொல்லையில்ல. மாப்பிள்ளை எங்க திருப்பி அனுப்பப் போறாரு? கை ஒரு சிவப்பு, உடம்பு ஒரு சிவப்புன்னாலும் "பிரமாதம்"னு சொல்லி மாட்டிக்குவாரு. பொடியனோ வாயே தொறக்கமாட்டான். எதுத்துக் கேட்காத பையரு கிடைக்கறது எத்தனை பெரிய யோகம் தெரியுமா? எங்க மொதலாளி கேட்டா அழுதுருவாரு.

பின்னி முடிச்சதும் சுடுதண்ணியில போட்டுக் கும்மு. அசல் கம்பளியா இருந்தா அப்பனுக்குப் பின்னினது மகனுக்கு ஆகும். சுருங்காத நூலா இருந்தா ஈரத்தோட கொடியில தொங்கவிடு. முழங்கால் வரைக்கும் இறங்கிரும். பாயில பரத்திக் காயப்போடறதெல்லாம் வேலையத்தவங்க பண்றது.

என்ன, மூஞ்சி சுருங்கிருச்சு? சித்த இரு. கத்திரி பட்ட துணி போனது போனதுதான். சுடுதண்ணியில கும்மாத வரைக்கும் இது அப்படியில்ல. முடிச்ச அவுத்து நுனிய இழுத்தா, கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் நூலாத் திரும்பி வந்துரும். ஆவி காட்டினா சுருக்கம் போயிரும். மறுபடி ஊசியில ஏத்திக்கலாம். எங்க மிசின்ல கெட்டுப்போன பீஸு செகண்ட்ஸ் கடைக்குத்தான் போகும். உன்ற மடியில கெட்டது உன்ற மடியிலயே சரியாயிரும்.

அதுக்குன்னு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுராதே. போன தையில எனக்கு ஒண்ணு குடுத்தியே, வலது கை நாலு விரக்கடை நீளம். "குடுங்கப்பா, சரி பண்ணித் தரச் சொல்றேன்"னு உன்ற அம்மா தெனம் கேக்கறா. நான் குடுப்பனா? பீடிக்கட்டு வெச்சுக்க அந்தக் கைதான் தோது. டாக்டரும் கண்டுபிடிக்கல, உன்ற அம்மிச்சியும் கண்டுபிடிக்கல.