படிவம் ரெடி, பதில் எங்கே போகும்?

கேள்வி: மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய்க்காக உப்பளத் தொழிலாளர்களின் விவரம் திரட்ட வேண்டும். இலவச லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலேயே இணையப் படிவம் செய்துவிடலாமா?
– வாசகர், மரக்காணம்

பதில்: செய்யலாம், ஆனால் பாதிதான். ரைட்டரின் படிவ மெனுவில் எழுத்துப் பெட்டி, தேர்வுப் பெட்டி, பொத்தான் எல்லாம் உண்டு. ஹெச்டிஎம்எல்லாகச் சேமித்தால் பிரவுசரிலும் திறக்கும். ‘அனுப்பு’ என்று அழுத்தியதும் விவரம் போய்ச் சேர ஒரு சர்வர் வேண்டுமே, அதை ரைட்டர் தராது. வாய்க்கால் வெட்டிவிட்டுப் பாத்தி கட்டாமல் விட்டால் உப்பு எங்கே விளையும்?

‘கூகுள் ஃபார்ம்ஸும் இலவசம்தானே’ என்பீர்கள். உண்மை, விரிதாளோடு இணைத்துவிட்டால் பதில்கள் தானாகவே அதில் சேரும். ஆனால் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் அடுத்தவர் கிடங்கில் கொட்ட நான் தயங்குவேன். தவிர, வெயிலில் உப்பு வாருகிறவர் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். விவரம் தெரிந்த ஒருவர்தான் கேட்டுக் கேட்டு நிரப்புவார். அதற்கு இணையமே வேண்டாம். ரைட்டரில் படிவத்தைச் செய்து, பிடிஎஃப் ஏற்றுமதியில் ‘படிவம் உருவாக்கு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியில் நிரப்பலாம், அச்சிட்டுக் கைநாட்டும் வாங்கலாம். தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த இந்த மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. காசு கேட்பது பிரிண்டர் மை மட்டும்தான்.