பஸ்ஸா, பாஸா?

மின்சார ரயில் ஓடுகிறதே, கெடாவில் புகை ஒழிந்ததா?
ரயில் புகைவிடவில்லை, சரி. ஸ்டேஷனுக்கு உங்களைக் கொண்டுவந்து விட்ட மோட்டார் சைக்கிள்? ஈப்போ – பாடாங் பெசார் 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதையில் 2015 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் தயாராகிறது!

பீடோங் வழியாகப் போகும் கொமுட்டர் அங்கே நிற்பதில்லையே, ஏன்?
தண்டவாளம் ஊரைக் கடந்தால் ரயில் ஊர்க்காரர்களையும் கடந்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்கள். சுங்கை பட்டாணியை விட்டால் அடுத்தது குருண்தான். நடுவில் உள்ள தோட்டங்களில் குடியிருப்பவர்களும் மனிதர்களே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளதுபோல் 50 ரிங்கிட் மாதப் பாஸ் தோட்டத்து மக்களுக்கும் கிடைக்குமா?
முதலில் பஸ் வரட்டும், பிறகு பாஸ் கேட்போம்!
ஒரு கையில் குடை, மறு கையில் மருத்துவமனை அட்டை என்று பால்மரக் காட்டுச் செம்மண் பாதையில் பெரிய சாலைவரை நடக்கும் பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயில் வரும் நேரத்துக்கு ஒரு தோட்டத்து பஸ் வேண்டுமென்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.