நாலாயிரத்தார்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியைத் தொடாமலே எடை சொல்கிற கண் சிலருக்கு உண்டு. கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளையான நம்ம ஆளுக்கும் உண்டு. கேரளா லாரி கிளம்பியதும் முருங்கைக் கட்டில் சாய்ந்துகொண்டு செல்போனைத் திறப்பார். அந்தக் கண் அதோடு அவிந்துவிடும்.

ஆழ்வார்களுக்கு நாலாயிரம் பாசுரம், இவருக்கு நாலாயிரம் மணி நேரம். யூடியூப் சேனலில் விளம்பரக் காசு பார்க்க ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். வீடியோக்களைப் பன்னிரண்டு மாதத்துக்குள் ஊர் உலகம் 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும். 2018-இல் வந்த சட்டம்.

ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் சோறு வருவதற்குள் பக்கத்து இலைக்காரரின் போனை வாங்கி அமுக்கிவிடுவார். நேரம்தான் சிக்கவில்லை.

"நாலாயிரம்னா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் நிமிசம் மாமா. ஆளுக்கு மூணு நிமிசம் பார்த்தா எம்பதாயிரம் பேரு போதும்."

"மூணு நிமிசம் பார்க்கிறாங்களா மாப்ள?"

"நாப்பத்தெட்டு செகண்டு."

"அப்ப மூணு லட்சம் பேரு ஆகுதே!"

"பழனி பாதயாத்திரைக் கூட்டத்தயும் சேர்த்துக்கிட்டாப் போச்சு."

புதுக்கோட்டை சின்ன வீரமங்கலத்துச் சமையல்காரர்கள் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. விருப்பாச்சி மலைவாழைப்பழத்தில் பாயசம் காய்ச்சி, 22 நிமிட வீடியோ போட்டார். அதில் ஒன்பது நிமிடம் ஈர விறகை ஊதுகிறார். நீளம் கூடினால் மணியும் கூடும் என்பது அவர் கணக்கு. பாயசம் வருவதற்குள் பார்த்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள்.

மாடு ஒன்று வாழைத்தார் தின்கிற குட்டி வீடியோ மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு லட்சம் பார்வை! மார்க்கெட் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். ஷார்ட்ஸ் வரிசையில் ஓடுகிற நேரம் நாலாயிரத்தில் சேராது என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த வழியில் போவதென்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை வேண்டும். டீக்காசு போனது போனதுதான்.

அவர் வீட்டுக்குப் போனால் அத்தையின் போன் சாமி படத்தடியிலும், மனைவியின் போன் மாவு டப்பா மேலும், சத்தமில்லாமல் பாயசம் காய்ச்சிக்கொண்டிருக்கும். இப்படி ஓட்டுகிற ஓட்டத்தை யூடியூப் கழித்துவிடும் என்று நான் சொன்னேன். மண்டியில் கழிவு பிடிக்காத ஏவாரம் ஏது என்று கேட்டார்.

போன வாரம் முகம் செத்துப் போய் வந்தார். 3,112-ஆக இருந்த மணி 2,640-க்கு இறங்கிவிட்டதாம். போன வருசத் தைப்பூச வீடியோவுக்கு அப்போது நல்ல கூட்டம். அந்த நாட்களுக்கு இப்போது ஒரு வருசம் ஆகிவிட்டதால் அந்த மணிகள் கணக்கை விட்டு உதிர்ந்துவிட்டன.

"தக்காளி அழுகினாலாவது நாத்தம் வருமுங்க," என்றார் அவர் மனைவி, போனை மாவு டப்பா மேலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து.

அவர் வாங்கி, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் டப்பா மேலேயே வைத்தார்.