எள்ளு வீடும் கொள்ளு வீடும்

பிள்ளை பெற்றவள் மேல் ஊருக்கு எப்போதும் இரண்டு புகார்கள் உண்டு. "ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கா, பெறகு பால் எங்க ஊறும்?" என்பது முதலாவது. "என்னட்டி இப்படி ஊதிட்ட?" என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே பெரியம்மை ஒரே மூச்சில், கையிலிருக்கும் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொல்வாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அதற்குள் அல்வா போய்விடும்.

எனக்குப் பிறந்த வீடு பாளையங்கோட்டை. புகுந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வைத்த புண்ணியவான், அந்தப் பழமொழியைச் சம்பந்தி வீட்டார் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அம்மா எள்ளுக் கட்சி. அத்தை கொள்ளுக் கட்சி. நான் தொகுதி.

அம்மாவின் ஆட்சி காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, எண்ணெய் கக்கும் வரை கிண்டிய பேறுகால லேகியம், நெல்லிக்காய் அளவு. அம்மா சொல்லும் நெல்லிக்காய் எந்த மரத்தில் காய்க்கிறது என்று தெரியவில்லை. எலுமிச்சம்பழம் அதற்குத் தம்பி முறை வேண்டும்.

பதினோரு மணிக்கு உளுந்தங்களி. கறுப்பு உளுந்தும் பச்சரிசியும் வறுத்துத் திரித்த மாவு, உடன்குடிக் கருப்பட்டி. சுடச்சுட உருட்டித் தட்டில் வைத்து, கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குழி பறிப்பாள். குழி நிறைய நல்லெண்ணெய். சூட்டில் களி அதை மெல்ல உறிஞ்சும். உடனே அம்மா, "பாத்தியா, களி கேக்கு" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். அது அதையும் குடிக்கும். இவள் இன்னும் ஊற்றுவாள். களிக்குத் தாகம் அடங்கிய பிறகுதான் தட்டு என்னிடம் வரும். மத்தியானத்துக்குப் பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும். ராத்திரிக்குப் பூண்டு அவித்த பால். அந்த நாட்களில் என் பக்கத்தில் படுத்தவர்கள் எல்லாருமே பத்தியம் இருந்தது போலத்தான்.

இதில் கணக்கு என்று ஒன்று உண்டா என்று தேடினேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பாலூட்டும் தாய்க்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் வேண்டும். அறுநூறு என்று கேட்டதும் அம்மா முகம் வாடிவிட்டது. "அறுநூறா! நான் கொறச்சலாப் போட்டுட்டனோ?" என்றாள். அறுநூறு கலோரி என்பது இரண்டு தோசை, ஒரு டம்ளர் பால், அவித்த முட்டை ஒன்று, ஒரு கிண்ணம் சுண்டல். அவ்வளவுதான். களிக் குழிக்குள் போகிற மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் மட்டுமே 360. லேகியத்தையும் களியையும் சேர்த்தால், உச்சிப்பொழுதுக்குள் அன்றைய பங்கு தீர்ந்து நாளைய பங்கில் கை வைத்திருப்போம்.

எண்ணெய் ஊற்றினால் பால் ஊறும் என்பதும் கணக்கில் வராது. எவ்வளவு பால் சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது குழந்தைதான். அது எத்தனை தரம் குடிக்கிறதோ, எவ்வளவு நன்றாக உறிஞ்சிக் காலி செய்கிறதோ, அதற்கேற்றபடி சுரக்கும். தாய் தின்கிற கொழுப்பைப் பொறுத்துப் பாலிலுள்ள கொழுப்பின் வகை கொஞ்சம் மாறும், மொத்த அளவு பெரிதாக மாறாது. இதையெல்லாம் பொறுமையாக அம்மாவிடம் விளக்கினேன். "நீ குடிச்ச பால் எதுல ஊறிச்சாம்? இந்தக் களியிலதான்" என்றாள். இதற்கு மேல் எந்த நிறுவனத்தை நான் சாட்சிக்குக் கூப்பிடுவது?

இந்த நேரத்தில்தான் பொள்ளாச்சியிலிருந்து பார்சல் வந்தது. இரண்டு கிலோ கொள்ளு. கூடவே போனும் வந்தது. "அம்மணி, கொள்ளு வேக வெச்ச தண்ணியில ரசம் வெச்சுக் குடி. ஊளச்சதையெல்லாம் கரைஞ்சு போயிருஞ் சாமி." ஸ்பீக்கரில் போட்டது தப்பாகப் போயிற்று. போனை வைத்ததும் அம்மா ஆரம்பித்தாள். "கொள்ளா? அது குதிரைக்குல்லா போடுவாக. பச்ச ஒடம்புக்குச் சூடு. பால் வத்திரும்." உள்ளதைச் சொன்னால், கொள்ளு சதையையும் கரைக்காது, பாலையும் வற்ற வைக்காது. நூறு கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, பாலூட்டுகிறவளுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். ஆகவே ரசம் வைக்கச் சொன்னேன். அம்மா வைத்தாள். தாளிப்பதற்கு ஒரு குழிக்கரண்டி நெய்யை ஊற்றினாள். கூட்டணி ஆட்சி அமைந்தது.

வயிற்றுத் துறை ஆச்சியிடம் இருந்தது. தாத்தாவின் பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து வைத்துக்கொண்டு, கட்டினால்தான் வயிறு உள்ளே போகும் என்று நின்றாள். எனக்கோ சிசேரியன். தமிழ்நாட்டில் இது அபூர்வமில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே கிட்டத்தட்ட 45 விழுக்காடு பிரசவம் கத்தி வழியாகத்தான். டாக்டரிடம் கேட்டபோது, தையலை அழுத்தாமல் கட்டினால் இருமும்போதும் எழுந்திருக்கும்போதும் தாங்கலாக இருக்கும், மற்றபடி கொழுப்பு துணிக்குப் பயந்து ஓடாது என்றார். பிள்ளை பிறந்த கையோடு பிள்ளை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாமாக ஐந்தாறு கிலோ குறைந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு கிலோ இருந்த கர்ப்பப்பை ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். பால் கொடுக்கும்போது சுரக்கிற ஆக்சிடோசின்தான் அதைப் பிடித்துச் சுருக்குகிறது. முதல் சில நாள் பிள்ளை வாய் வைத்ததுமே அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கிறதே, அது அந்த வேலை. ஆறாவது வாரம் வயிறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஆச்சி வேட்டியை மடித்துப் பத்திரப்படுத்தினாள், அடுத்த பேத்திக்கு.

மீதிக் கிலோக்கள் இடுப்பிலும் தொடையிலும் உட்கார்ந்திருந்தன. தாய்ப்பால் கொடுத்தால் தானாக இளைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பாதி உண்மை. நாளுக்கு முக்கால் லிட்டர் பால் என்றால் ஏறத்தாழ 500 கலோரி உடம்பை விட்டுப் போகிறது. ஆனால் அந்த முக்கால் லிட்டர் போன கையோடு பேய்ப்பசி ஒன்று வருமே, அதை யாரும் சொல்லவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முறுக்கு டின்னைச் சத்தமில்லாமல் திறக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையை எடுத்தபோது விஷயம் பகிரங்கமானது. ஜாக்கெட் முழங்கைக்கு மேலே ஏற மறுத்தது. பஜாரில் டெய்லர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, பிளேடு முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே விட்டிருந்த துணி விளிம்பு வரை வந்து, கரை நூல் தெரிந்தது. "தாயி, விட்டதெல்லாம் விட்டாச்சு. இனிமே பிரிக்கணும்னா சேலையத்தான் பிரிக்கணும்" என்றார். கடைசியில் கக்கத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தந்தார். கல்யாண வீட்டில் கையைத் தூக்கி யாருக்கும் அட்சதை போடவில்லை. மணமக்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அந்தக் கல்யாணப் பந்தியில்தான் எனக்கு இலவச ஆலோசனை முகாம் நடந்தது. சோற்றையும் இட்லியையும் அடியோடு நிறுத்து என்றாள் ஒருத்தி, பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டே. பாலூட்டும் காலத்தில் அப்படி மாவுச்சத்தை முழுக்க நிறுத்திய சில தாய்மார்கள் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரு மதினி கைப்பையிலிருந்து மூலிகைப் பொடி எடுத்தாள். முப்பது நாளில் பத்துக் கிலோவாம். டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இந்த வகைப் பொடிகளில் பலவற்றில் நிலாவாரை போன்ற பேதி மருந்துதான் வேலை செய்யும், போவது தண்ணீரே தவிரக் கொழுப்பு இல்லை. எடை குறைக்கிற மாத்திரை, ஊசி எதையும் பால் கொடுக்கிறவள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இப்படிச் சொன்னதும், "படிச்சவளுவளுக்கு எதச் சொன்னாலும் ஏறாது" என்று பொடி கைப்பைக்குத் திரும்பிப் போனது.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் பிள்ளையைத் தராசில் போட்ட நர்சம்மா, எடை கூடியிருக்கிறது என்று கைதட்டாத குறை. அட்டையில் எழுதி, கோடு மேலே ஏறுவதைக் காட்டி, "சூப்பர்!" என்றார். நான் எடை மிஷினில் ஏறியபோதும் கோடு மேலேதான் போயிருந்தது. ஒருவரும் சூப்பர் சொல்லவில்லை.

எடை பற்றி டாக்டர் சொன்னது ஒரே வரி. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அவசரப்பட வேண்டாம். இதற்கு ஆதாரமும் உண்டு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 2000-இல் வெளிவந்த ஆய்வில், எடை கூடிய பாலூட்டும் தாய்மார்கள் பிரசவமான நான்காம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, உடற்பயிற்சியும் செய்து, வாரம் அரைக் கிலோ வீதம் இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தன. நாளுக்கு 1,800 கலோரிக்குக் கீழே போகாதீர்கள், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை ஆறு மாதம் நிறுத்தாதீர்கள், பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள் என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஆறை அம்மா பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் கொடியில் காய்கிற துணிகளை விரல் விட்டு எண்ணி, "பதினொண்ணு! களி இல்லாம இது வருமா?" என்று கேட்பாள்.

குழி பறிப்பதை வாரத்தில் ஒரு நாள் என்று பேசி முடித்தோம். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, மீன், மோர், கொள்ளு எல்லாம் நாள்தோறும். தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி. பச்சை உடம்பு தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று ஆச்சி செம்பை ஒளித்து வைத்தாள். அதைத் தேடி நடந்ததும் ஒரு நடைதான்.

முறையான நடை வ.உ.சி. மைதானத்தில் ஆரம்பமானது. டாக்டர் தையலைப் பார்த்துச் சரி என்ற பிறகு, பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த கையோடு கிளம்ப வேண்டும். பால் கட்டிக்கொண்டு நடப்பது என்ன பாடு என்று நடந்தவளைக் கேட்க வேண்டும். வேர்த்து விறுவிறுத்து வந்து கொடுத்தால் பால் புளித்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். அளவான நடையால் பாலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வயிறு குறைய வேண்டுமென்று மல்லாந்து படுத்துப் படுத்து எழுந்திருக்கிற பயிற்சி மட்டும் முதலில் வேண்டவே வேண்டாம். கர்ப்பத்தில் வயிற்றின் நடுத்தசை இரண்டாக விலகியிருக்கும், அது கூடும் முன் இழுத்தால் விலகல்தான் மிச்சம்.

இத்தனை செய்தும் எடை அசையாமல், முடி கொட்டி, எந்நேரமும் சோர்வாக இருந்தால் சோம்பேறி என்று பெயர் வைக்காமல் தைராய்டு பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு அந்தச் சுரப்பி அழற்சியாகிவிடுவது உண்டு. சின்ன ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து தினமும் போனில், "இன்னைக்கு எத்தனை ஸ்டெப்?" என்று கேட்பார். பிள்ளைக்கு ஆண்டு நிறைவு வந்தபோது டெய்லர் அண்ணாச்சி ஒட்டுத்துணியை எடுத்துவிட்டு ஒரு தையலைத் திரும்பப் போட்டுத் தந்தார். இன்னொரு தையல் போட இடமில்லை, போகட்டும். வீட்டுக்காரருக்கு அதே வருஷத்தில் எட்டுக் கிலோ கூடியிருந்தது. அவர் யாரையும் பெறவில்லை, பாலும் கொடுக்கவில்லை. பந்தியில் யாரும் அவரைப் பார்த்து ஊதிட்டீங்க என்று சொல்லவுமில்லை. "மாப்பிள்ளைக்கு இப்பத்தான் களை வந்திருக்கு" என்றார்கள்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனதும் அவள் இடுப்பைப் பார்க்காதீர்கள். வைத்தியம் சொல்லாதீர்கள். கையைக் கழுவிவிட்டு, பால் குடித்து முடித்த பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு, "போ, அரை மணி நேரம் நடந்துட்டு வா" என்று சொல்லுங்கள். நடக்கப் போகாமல் படுத்துத் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.